வேண்டாத பொதிகளுக்கு ஏன் டேட்டா கொடுக்க வேண்டும்?

"கணினியை அப்டேட் செய்யாதே, டேட்டா முடிந்துவிடும்" என்று மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. கைப்பேசி ஹொட்ஸ்பொட்டில் மடிக்கணினியை இணைத்துப் படிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு ஜிபியும் காசுதான். அதற்காக உலாவிக்கும் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கும் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை மறிப்பது ஆபத்து. கூடவே தொற்றிக்கொண்டு வருகிற வேண்டாத பொதிகளைத்தான், அதாவது மென்பொருள் கோப்புகளைக் கட்டி அனுப்பும் மூட்டைகளைத்தான் (package), கழிக்க வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டு பாவிப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பொதிக்குள் ஒரேயொரு கோப்பு மாறியிருந்தாலும், பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் (apt) என்ற கருவி முழுப் பொதியையும் மறுபடி இறக்கும். நீங்கள் திறந்தே பார்க்காத பெரிய மென்பொருள் வட்டில் கிடந்தால், அதன் ஒவ்வொரு திருத்தத்துக்கும் உங்கள் ரீலோட் காசு போகிறது. தமிழ் எழுத்துரு வேண்டுமென்று பல மொழி எழுத்துருக்கள் கொண்ட நோட்டோ (Noto) தொகுப்பை அப்படியே நிறுவினால், பரிந்துரைப் பொதிகள் என்ற பெயரில் சீன, ஜப்பானிய எழுத்துருக்களும் வந்து இறங்கும். தமிழுக்கென்று தனிப் பொதி இருக்கிறது, அது போதும். எதையும் இறக்குவதற்கு முன்னர் எத்தனை எம்பி என்று ஆப்ட் காட்டும். தயவுசெய்து அந்த வரியை வாசியுங்கள். உபுண்டுவின் இன்னொரு பொதி முறையான ஸ்னாப் (snap) திருத்தங்களைக் கேட்காமலே இறக்கும். இரவு டேட்டா வைத்திருப்பவர்கள் அதன் நேரத்தை இரவுக்கு மாற்றிவிடலாம்.

பொதி தயாரிப்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நம் கணினியில் இல்லாத வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகளுக்கான ஃபேர்ம்வேரையெல்லாம் (சில்லுகளை இயக்கும் மென்பொருளையெல்லாம்) ஒரே மூட்டையாகக் கட்டி, நூற்றுக்கணக்கான எம்பியை உபுண்டு நீண்ட காலம் நம் தலையில் ஏற்றியது. அதை நீக்கவும் முடியவில்லை, நீக்கினால் பல கணினிகளில் வைஃபை நின்றுவிடும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் அதே கோப்புகளைத் தயாரிப்பு நிறுவன வாரியாகப் பிரித்துத் தருகிறது. வழி இருந்தும் செய்யாமல் விட்டதுதான் என் மனத்தாங்கல்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கணினி வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறையில் இருபது கணினிகள் இருந்தால் ஒரே பொதி இருபது தடவை இறங்க விடாதீர்கள். பழைய கணினி ஒன்றில், இறக்கிய பொதிகளைச் சேமித்து வைக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (apt-cacher-ng) நிறுவி, மற்றவற்றின் ஆப்டை அதன் 3142ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு வாயில் எண்) திருப்புங்கள். முதல் கணினி கேட்கும்போது இணையத்திலிருந்து இறங்கும் பொதி, மற்றவற்றுக்கு அறைக்குள்ளிருந்தே கிடைக்கும். விண்டோஸ் என்றால், அப்டேட்டுகளைக் கணினிகள் தமக்குள் பகிரும் டெலிவரி ஒப்டிமைசேஷன் (Delivery Optimization) அமைப்பில் உள்ளூர் வலையமைப்பை மட்டும் தெரிவுசெய்யுங்கள். இணையத்திலுள்ள கணினிகளையும் அனுமதித்தால், முகம் தெரியாதவர்களுக்கு அனுப்புவதிலும் உங்கள் டேட்டா கரையும்.