முன் ஆக்சில் மாட்டினால் மட்டும் ஃபோர் வீல் ஆகிவிடாது

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘ரெண்டே நாளில் டீசல் பிக்கப்பை ஃபோர் வீல் ஆக்கினோம்’ என்று போட்டது. அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற டூ வீல் வண்டியை, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் வண்டியாக மாற்றுகிற வேலை. அடுத்த வாரமே முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் (முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு) கழன்று தார்ரோட்டில் கிடக்கிற படம். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸின் அலுமினியக் கூடும் உடைந்திருக்கிறது. அதற்குக் கீழே, ‘பழைய சாமான்தானே, அப்படித்தான் இருக்கும்’ என்று வரிசையாக ஆறுதல்.

சாமான் மேல் பழி போடாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஷாஃப்டின் ரெண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நகர்கிற பல்வரிசைதான் ஸ்பிளைன். அதில் தேய்ந்து பளபளக்கிற இடம் ரெண்டு விரல் அகலம்கூட இல்லை. மிச்சமெல்லாம் கறுத்த கிரீஸ். உள்ளே போகிற பாதியும் அதை வாங்குகிற பாதியும் அவ்வளவுதான் கோத்திருந்தன. வண்டி தரையில் நிற்கும்போது ஒரே ஒரு அளவு எடுத்து ஷாஃப்டை வெட்டியிருக்கிறார்கள். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது எவ்வளவு நீள வேண்டும் என்று பார்க்கவே இல்லை. சேசிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு ஒரு அளவு, வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒரு அளவு, ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது ஒரு அளவு. மூன்றும் கையில் இல்லாமல் ஷாஃப்டில் கட்டர் வைக்கக் கூடாது.

இந்த மூன்று அளவு விஷயத்தை அந்த வீடியோ வந்த அன்றே அங்கே எழுதினேன். ‘பொறாமை’ என்று பதில் வந்தது. பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். இந்த வேலையைச் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்வதானால், உங்கள் வண்டியின் அதே மாடல், அதே வருட வரிசை, அதே டீசல் எஞ்சின் உள்ள, அடிபட்டு நிற்கிற ஃபோர் வீல் வண்டி ஒன்றை முழுசாக வாங்குங்கள். முன் ஆக்சிலை மட்டும் வாங்காதீர்கள்.

‘ஒரே கம்பெனி, ஒரே மாடல், சேசிஸ் ஒன்றுதானே’ என்பவர்களுக்கு: ஒன்றில்லை. 1999 முதல் 2004 வரை வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டூ வீல் வண்டியில் முன்னால் ரெட்டை ஐ-பீம் (சக்கரத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே அசைகிற இரும்புக் கை), காயில் ஸ்பிரிங். ஃபோர் வீலில் ஒரே நேர் ஆக்சில், அதுவும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மேல். பட்டை மாட்டுகிற ஹேங்கர் டூ வீல் சேசிஸில் இல்லை. ஐ-பீம் தொங்குகிற கிராஸ் மெம்பர் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது, அதைக் கழற்றியாக வேண்டும். ரிவெட் தலையை அரைத்து, பஞ்சால் தட்டி எடுக்க வேண்டும். அதைக் கழற்றும் முன் எஞ்சினைச் செயின் பிளாக்கில் தாங்கிப் பிடிக்க வேண்டும். டீசல் எஞ்சின் சாதாரண எடையா? டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் மட்டுமே சுமார் 500 கிலோ. அதனால்தான் பெட்ரோல் வண்டியின் முன் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து போட்டால் மூக்கு இறங்கிவிடுகிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது ஆக்சில் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் கூடு எஞ்சினின் ஆயில் சம்ப்பில் போய் முட்டுகிறது. வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தள்ளி மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும்.

கியர்பாக்ஸ் கதை இதைவிடப் பெரிது. டூ வீல் பெட்டியின் வால்பக்கம் டிரான்ஸ்ஃபர் கேஸை மாட்டுகிற முகமே இருக்காது. அவுட்புட் ஷாஃப்டின் நீளம் வேறு. ஷாஃப்டை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியை முழுக்கப் பிரிக்க வேண்டும், ஆட்டோமேட்டிக்கும் அப்படித்தான். ‘கிடைத்த டிரான்ஸ்ஃபர் கேஸைப் போட்டுக்கலாம்’ என்றால் அங்கேயும் ஸ்பிளைன் எண்ணிக்கை இடிக்கும். 1990-களின் பின்பாதியில் வந்த டாட்ஜ் ராம் டீசலில் பெரும்பாலும் 29 பல், பெட்ரோல் வி-8 வண்டியில் 23 பல். வெளியே பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரி கூடுதான். முன் ஷாஃப்ட் இடப்பக்கம் இறங்குகிறதா வலப்பக்கமா என்பதும் ஆக்சிலோடு ஒத்துப்போக வேண்டும். முழு வண்டி வாங்கியவனுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

‘எத்தனையோ பேர் பண்ணி ஓட்டுகிறார்களே’ என்பீர்கள். ஓட்டுகிறார்கள். அவர்கள் ஆக்சிலுக்குள் இருக்கிற ரெண்டு கியரின், அதாவது கிரவுன் பினியனின், பல்லை எண்ணியவர்கள்.

‘புது ஃபோர் வீல் வாங்க வசதி இல்லாதவன் என்ன செய்வான்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த வசதி இல்லாதவனுக்குத்தான் ஒரே வேலையை ரெண்டு முறை செய்ய வசதி இருக்காது. சேற்றில் சிக்குவது மட்டும்தான் பிரச்சினை என்றால் பின் ஆக்சிலில் ஒரு லாக்கர் (ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைப்பது), நல்ல மட் டயர், முன்னால் ஒரு வின்ச் (வண்டியைக் கயிறு கட்டி இழுக்கிற மெஷின்) போதும். சேசிஸைத் தொடவே வேண்டாம்.

வீடியோவில் ஸ்டியரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காயில் ஸ்பிரிங் போட்ட நேர் ஆக்சிலில் ட்ராக் பாரும் (track bar, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற கம்பி) டிராக் லிங்கும் (drag link, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி) இணையாக, கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேடு ஏறும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஹோஸைப் பற்றியும் பேச்சில்லை. ஆக்சில் கீழே தொங்கும்போது பழைய நீள ஹோஸ் விறைத்து நின்றால், ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும். ஏபிஎஸ் சென்சார் ஒயர் தொங்குவது வீடியோவிலேயே தெரிகிறது. இந்த நிலையில் வண்டியை ரோட்டுக்கு எடுத்திருக்கிறார்கள். எதிரே வருகிறவன் யாருடைய வீடியோவையும் லைக் போட்டவன் இல்லையே. ‘இளைஞர்களை ஊக்கப்படுத்துங்கள்’ என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். ஊக்கம் கொடுக்கத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவர்கள் போட்ட கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, பின்னால் 3.73, முன்னால் 4.10. வீடியோவில் அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். ஃபோர் வீலில் போட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டியிருக்கும்போது முன், பின் ரெண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். பின்சக்கரம் 100 மீட்டர் போகும்போது முன்சக்கரம் 91 மீட்டர்தான் உருளும். மிச்சம் 9 மீட்டருக்கு டயர் வழுக்கியாக வேண்டும். சேற்றில் வழுக்கும், தார்ரோட்டில் வழுக்காது. அப்போது முறுக்கு முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினிலும் ஷாஃப்ட் முனையில் இருக்கிற கிராஸ் ஜாயிண்டிலும் போய் ஏறும், எது பலவீனமோ அது போகும். 4.10-க்கு 4.11 என்றால் பரவாயில்லை. 3.73-க்கு 4.10 ஒருநாளும் ஆகாது.

அந்தப் பதிவின் கீழே இன்னமும் மூன்று பேர் ‘எந்த ஆக்சில் வாங்கலாம் அண்ணா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தம்பிகளே, காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். உங்கள் வண்டியின் முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக ரெண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 3.73, நாலுக்குக் கொஞ்சம் மேலே என்றால் 4.10. லிமிட்டெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழலாமல் தடுக்கிற டிஃபரன்ஷியல்) இருந்தால் ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரே ஒரு சுற்று போதும். தரையில் கிடக்கிற ஆக்சிலில் ஒரு ஹப்பை ஒருவர் இறுக்கிப் பிடிக்க, மற்றவர் அடுத்த ஹப்பை ரெண்டு சுற்று சுற்ற வேண்டும். சந்தேகம் இருந்தால் டிஃபரன்ஷியல் கவரைத் திறந்து கிரவுன், பினியன் பல்லையே எண்ணுங்கள்: 41-க்கு 11 என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10. கடைக்காரர் கவரைத் திறக்க விடவில்லையா, அந்த ஆக்சிலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.