காசு பொது, கல்லா தனி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்தக்கார வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. பிரிக்ஸ் நாடுகள் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா முதலானவை) சேர்ந்து ஒரே நாணயம் கொண்டு வரப்போகின்றனவாம், டாலர் கதை முடிந்ததாம். கூடவே பளபளவென்று ஒரு நோட்டுப் படம். அனுப்பியவன் என் அக்கா மகன், ஓசூரில் வேலை. கீழேயே எனக்கென்று ஒரு கேள்வி: "மாமா, நீங்கதான் கணக்குப் புலியாச்சே. எல்லாருக்கும் ஒரே காசு வந்துட்டா நல்லதுதானே?"

"வேண்டாம்டா" என்று மட்டும் போட்டேன். ஏன் என்பதை அங்கே எழுதினால் பத்து நிமிஷத்தில் அத்தையின் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே புதைந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் பல வருஷம் கணக்கு பார்த்தவன் நான். சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். கூழாக்கி, 215 கிலோ ட்ரம்களில் அடைத்து, வருஷம் முழுக்க ஏற்றுமதி நடக்கும். விலை பேசுவது பெரும்பாலும் டாலரில்தான். 2014 சீசனில் ஒரு ஐரோப்பியப் பார்ட்டி யூரோவில் விலை கேட்டார். முதலாளி சரி என்றார். நானும்தான் தலையாட்டினேன், அதை மறைப்பதற்கில்லை. அன்றைக்கு ஒரு யூரோ சுமார் 81 ரூபாய். அந்தக் கணக்கை வைத்துத்தான் மண்டிக்கு அட்வான்ஸ், ட்ரம்முக்கு ஆர்டர், ஆள் கூலி எல்லாம்.

கடைசித் தவணை 2015 மார்ச்சில் வந்து சேர்ந்தபோது யூரோ 67 பக்கம் கிடந்தது. லட்சம் யூரோ பில்லில் 14 லட்ச ரூபாயைக் காணோம். கூழ் கெடவில்லை, ட்ரம் கசியவில்லை, கப்பலும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. பேங்கிலிருந்து வந்த அந்தத் தாளை முதலாளி இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மிச்சப் பணம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல இருந்தது.

என் யூரோ பைத்தியம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி அந்த மார்ச்சில் புதிதாகப் பணத்தை உருவாக்கி மாதாமாதம் கோடிக்கணக்கில் கடன் பத்திரங்களை வாங்கத் தொடங்கியிருந்தது. பணம் பெருகினால் அதன் மதிப்பு இறங்கத்தானே செய்யும். கிரீஸ் யூரோவில் இருக்குமா, வெளியே போகுமா என்ற பயம் இன்னொரு பக்கம். எங்கேயோ இருக்கிற கிரீஸுக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

யூரோ 1999-ல் 11 நாடுகளோடு கணக்குப் புத்தகத்தில் பிறந்தது. கிரீஸ் 2001-ல் சேர்ந்தது. கையில் பிடிக்கிற நோட்டும் சில்லறையும் 2002 ஜனவரியில் வந்தன. அந்த நோட்டுகளில் இருக்கிற பாலங்கள் எதுவுமே உண்மையான பாலங்கள் இல்லை, தெரியுமா? ஒரு நாட்டுப் பாலத்தைப் போட்டால் இன்னொரு நாட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று கற்பனையாக வரைந்தார்கள். (பிறகு நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊர் அந்தப் பாலங்களை நிஜமாகவே கட்டிவைத்துவிட்டது, அது வேறு கதை.) ஒரு படத்துக்கே இவ்வளவு பஞ்சாயத்து என்றால், கடன் யார் தலையில் என்ற கேள்வி வரும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யூரோவுக்குள் வந்ததும் கிரீஸுக்குக் கடன் சல்லிசாகக் கிடைத்தது. ஜெர்மனி கொடுக்கிற வட்டிக்குக் கிட்டத்தட்ட அதே வட்டி. பெரிய வீட்டில் சம்பந்தம் வைத்தவனுக்கு ஊரெல்லாம் கடன் கொடுக்குமே, அப்படி. 2009 அக்டோபரில் புதிதாக வந்த அரசு, முந்தையவர்கள் சொன்ன கணக்கு தப்பு, அரசின் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் என்று போட்டு உடைத்தது. திருத்திக் கூட்டியபோது 15-ஐயும் தாண்டியது. விதிப்படி இருக்க வேண்டியது 3.

அந்த 3 சதவீத விதியை, யூரோவுக்கு வழிபோட்ட 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். ஆனால் 2003-ல் ஜெர்மனியும் பிரான்ஸுமே அதை மீறியபோது தண்டனை இல்லாமல் விட்டுவிட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. கிரீஸ் யோக்கியம் என்று சொல்லவரவில்லை, பொய்க் கணக்கு பொய்க் கணக்குதான். நான் கணக்குப்பிள்ளை, அதில் எனக்கு இரக்கம் கிடையாது. என் கேள்வி, அகப்பட்ட பிறகு எழுந்துவர அவர்களுக்கு என்ன வழி இருந்தது என்பதுதான்.

நமக்கு 1991-ல் ஒரு வழி இருந்தது. கையில் அந்நியச் செலாவணி சில வாரத்துக்குத்தான் என்ற நிலை. ஜூலை முதல் வாரத்தில் இரண்டே தவணையில் ரூபாயின் மதிப்பை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கினார்கள். இறக்குமதிச் சரக்கு விலை ஏறியது, வலித்தது. ஆனால் அந்த வலி எல்லார் மேலும் பரவி விழுந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு நம் கிரானைட்டும் மாங்கூழும் ஒரே வாரத்தில் மலிவாகின.

கிரீஸின் சொந்தக் காசு திராக்மா. 340.75 திராக்மா ஒரு யூரோ என்று மாற்றிக்கொடுத்துவிட்டு வந்தவர்கள். இறக்குவதற்குக் கையில் சொந்தக் காசே இல்லை. காசை இறக்க முடியாதவன் கூலியைத்தானே இறக்க வேண்டும்? 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடன் கொடுத்தார்கள், கூடவே நிபந்தனைகள். பென்ஷன் வெட்டு. 2012-ல் குறைந்தபட்சக் கூலியிலேயே 22 சதவீதம் வெட்டு. 2013-ல் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை. நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தில் கால்வாசி கரைந்துபோனது. 2015 ஜூன் கடைசியில் பேங்குகளை மூடி, ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் என்றார்கள். அதை டிவியில் பார்த்து உச்சுக்கொட்டினோம். அடுத்த வருஷம் நவம்பரில் நாமே கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் 2,000 ரூபாய்க்கு வரிசையில் நின்றோம், அதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வட்டி விஷயம் இன்னொரு கூத்து. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே அடுப்பு மாதிரி, எல்லா நாட்டுக்கும் ஒரே வட்டி விகிதம். ஆரம்பத்தில் ஜெர்மனி மந்தமாக இருந்ததால் வட்டி தாழ்வாக இருந்தது. அந்தத் தாழ்ந்த வட்டியில் ஸ்பெயினும் அயர்லாந்தும் வீடு வீடாகக் கட்டித் தள்ளி மூழ்கின. 2011-ல் அயர்லாந்தும் போர்ச்சுகலும் கைமாற்றுக் கடனில் ஓடிக்கொண்டிருக்க, மத்திய வங்கியோ விலைவாசி ஏறுகிறது என்று ஏப்ரலிலும் ஜூலையிலும் வட்டியை ஏற்றியது.

சரி, இந்தியாவிலும் ஒரே ரூபாய்தானே, பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே வட்டிதானே என்று அக்கா மகன் கேட்பான். நல்ல கேள்வி. 1961-லேயே ராபர்ட் மண்டெல் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பற்றி எழுதினார், பிறகு நோபலும் வாங்கினார். ஒரே காசு வைத்துக்கொள்கிற இடங்களுக்குள் ஆட்கள் சுலபமாக இடம் மாறிப் போய் வேலை செய்ய முடிய வேண்டும் என்பது அவர் வாதத்தின் முக்கியமான பகுதி. அதற்குப் புத்தகம் தேவையில்லை, தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நின்றால் போதும். மழை பொய்த்த வருஷம் பென்னாகரம், அரூர் பக்கத்துச் சனம் பையைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிடும். மூன்று மாதத்தில் கன்னடம் பேச வந்துவிடும். கிரீஸிலிருந்தும் படித்த பிள்ளைகள் ஜெர்மனி போனார்கள்தான். ஆனால் மொழி, சான்றிதழ் என்று ஒவ்வொன்றும் ஒரு மலை.

அதைவிடப் பெரிசு கல்லா. இங்கே மத்திய அரசு வசூலிக்கிற வரியில் மாநிலங்களுக்குப் பகிர வேண்டிய பங்கை 15-வது நிதிக்குழு 41 சதவீதம் என்று வைத்தது. நம் பங்கு குறைவு என்று நாம் சண்டை போடுகிறோம், போடவும் வேண்டும். ஆனால் சண்டை போட ஒரு பொதுக் கல்லா இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த பட்ஜெட் அந்த நாடுகளின் வருமானத்தில் சுமார் 1 சதவீதம்தான். காசு பொது, கல்லா தனி.

கல்லா என்றால் என்ன என்பதை 2025 மாம்பழ சீசனில் நம் கண்ணாலேயே பார்த்தோம். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா மூன்று மாநிலத்திலும் தோத்தாபுரி (அதே பெங்களூராதான்) விலை தரைதட்டியது. மூன்றுக்கும் ஒரே ரூபாய். ஆந்திரா கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்தது. கம்பெனி 8 கொடுக்க, அரசு 4 போட்டது. தன் கல்லாவிலிருந்து கொடுக்கிற காசு வெளி ஆளுக்குப் போய்விடக்கூடாது என்று சித்தூர் மாவட்டம் வெளிமாநில மாங்காயைச் செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பியது. கர்நாடகா டெல்லிக்குக் கடிதம் எழுதி, விலை வித்தியாசத்தை மத்திய அரசும் மாநிலமும் பாதிப்பாதி ஏற்பதாக வாங்கிக்கொண்டது. நம் கிருஷ்ணகிரி விவசாயிகள் ஆதார விலை கேட்டுத் தெருவில் நின்றார்கள். ஒரே நாடு, ஒரே காசு என்றிருந்தும் ஒரு மாங்காய்க்கே இந்தப் பாடு. இதில் பேசி முடிக்க ஒரு டெல்லியாவது இருந்தது. சீனா, ரஷ்யா, பிரேசில், தென்னாப்பிரிக்காவோடு நாம் ஒரே காசு வைத்தால் வட்டியை எந்த ஊரில் முடிவு செய்வார்கள்? எனக்கென்னவோ டெல்லியில் இருக்காது.

ஐரோப்பா பக்கம் போகாதவர்கள் ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம். பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் பிரெஞ்சுப் பணத்தோடு கட்டிவைத்த சிஎஃப்ஏ ஃபிராங்க் 1994 ஜனவரியில் ஒரே இரவில் பாதி மதிப்பு ஆனது. ஒரு நாட்டுக்குத் தேவையோ இல்லையோ, எல்லாருக்கும் அதே வெட்டு.

யூரோ தோற்றுப்போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு அடி வாங்கிய கிரீஸே வெளியே போகவில்லை. 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கியின் அப்போதைய தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காப்பாற்ற எதையும் செய்வோம் என்று சொன்ன பேச்சிலேயே சந்தை பாதி அடங்கியது. 2023-ல் குரோஷியா 20-வது நாடாக வந்து சேர்ந்தது. கொரோனா வந்தபோது, 2020-ல், முதல்முறையாக எல்லாரும் சேர்ந்து 75,000 கோடி யூரோ அளவுக்குப் பொதுக் கடன் திட்டம் போட்டார்கள். இருபது வருஷம் கழித்துக் கல்லாவுக்கு ஒரு மூடி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்ஸ் நாணயம் பற்றி, அப்படி ஒரு யோசனையே மேசையில் இல்லை என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 2024 டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி. அந்தந்த நாட்டுக் காசிலேயே வியாபாரத்தை முடித்துக்கொள்வது வேறு, அது நடக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஐரோப்பாக்காரர்கள் அந்தக் கொரோனாக் கடனை 2028-லிருந்து 2058 வரை அடைக்க வேண்டும். எந்த வருமானத்திலிருந்து என்பதில்தான் இழுபறி. "முதல் தவணையை யார் பையிலிருந்து எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு உன் நோட்டுப் படத்தை மறுபடி அனுப்புடா" என்று அக்கா மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். நீலக் கோடு விழுந்துவிட்டது, இன்னும் பதில் இல்லை.