ஐம்பதில் விட்டாலும் பலன் உண்டு

புகைபிடிப்பதன் ஆபத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தேன்; புகையை விட்டவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அது ஒரே வரியில் முடித்துவிட்டது. அதைத்தானே விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்! பிரிட்டனில் 1951-ல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் புகைப்பழக்கம் பற்றித் தொடங்கிய ஆய்வு, மருத்துவர்களையே 50 ஆண்டுகள் கவனித்தது. 2004-ல் வந்த முடிவு: தொடர்ந்து பிடித்தவர்களைவிட, 60 வயதில் விட்டவர்களுக்கு ஆயுள் சுமார் 3 ஆண்டு கூடியது, 50-ல் விட்டால் 6, 40-ல் 9, 30-ல் 10. “இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது” என்பவர்களிடம் தயவுசெய்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அப்புறம், மனவுறுதி இருந்தால் போதும் என்று கட்டுரை சொல்வது சரியில்லை. நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, வாரெனிக்ளின் என்ற மாத்திரை எல்லாம் புகையை விட உதவுவதில் மருத்துவப் பரிசோதனைகளில் பலன் காட்டியவை. மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.