ஒரு சேவல் போதாது

“தரமான ஒரு சேவலும் 50 கோழிகளும் போதும், அழியும் நாட்டுக்கோழி இனத்தை மீட்டுவிடலாம்” என்ற கருத்து தவறானது, ஆபத்தானதும்கூட. குஞ்சுகளின் எண்ணிக்கை பெருகும் என்பது உண்மைதான். ஆனால் அவை அனைத்துக்கும் தந்தை ஒன்றே. மரபியலில் இனப்பெருக்கக் கூட்டத்தின் பயனுறு அளவை (மரபு வளத்தில் அது எத்தனை பறவைகளுக்குச் சமம் என்பதை) இப்படிக் கணக்கிடுவார்கள்: சேவல், கோழி எண்ணிக்கைகளைப் பெருக்கி, 4 மடங்காக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 1 சேவல், 50 கோழி என்றால் விடை ஏறக்குறைய 4. அதாவது 51 பறவைகள் கண்ணுக்குத் தெரிந்தாலும், மரபு வளத்தில் அது நான்கே பறவைகள் கொண்ட கூட்டம்! அதே 50 கோழிகளுடன் 10 சேவல்களை விட்டால் விடை 33 ஆகிறது. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வது தொடர்ந்தால் முட்டை பொரிக்கும் விகிதம் குறையும், குஞ்சு இறப்பு கூடும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வகைப்பாட்டில், இனப்பெருக்கச் சேவல்கள் 5 அல்லது அதற்கும் குறைவு என்றால் அந்த இனம் மிக மோசமான அபாய நிலையில் இருக்கிறது. கோழிகள் எத்தனை என்பது இங்கே பொருட்டல்ல.

சேவல் கிடைக்கவில்லையென்று வேற்றினச் சேவலைச் சேர்ப்பதும் தீர்வாகாது. முதல் தலைமுறையிலேயே பாதி மரபு வெளியிலிருந்து வந்துவிடும். அதே இனத்தை வளர்ப்பவர்கள் தங்களுக்குள் சேவல்களைச் சுழற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேவலின் வாரிசாகவும் ஒரு மகனையாவது இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.