மரத்துக்குத்தான் வேர்

நேற்று ராத்திரி ஒன்பது மணி. எட்டாவது படிக்கிற மகள் நோட்டை நீட்டினாள். 'இஃப் ஐ டேஷ் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை.' கோடிட்ட இடத்தை நிரப்பணும். இதில் என்ன இருக்கிறது? ஐ வாஸ், யூ வேர், தே வேர் என்று தலையில் குட்டிக் குட்டி நமக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே. அவள் என்னவோ "வேர்..." என்று இழுத்தாள். "மரத்துக்குத்தாண்டி வேர், உனக்கு எதுக்கு?" என்று அதட்டி, பென்சிலைப் பிடுங்கி நானே அழுத்தமாக வாஸ் என்று எழுதினேன்.

இன்று சாயங்காலம் நோட்டு திரும்பி வந்தது. சிவப்பு மையில் பெருக்கல் குறி. பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கே போயிருக்கிறது. ஓரத்தில் வேர், அதன் கீழே இரண்டு கோடு. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், மாமியார்கூட இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

ஏன் வேர் என்று டீச்சரைக் கேட்டாளாம். "இஃப் வந்தா வேர்தான், எழுதிக்கோ" என்று பதில். சரி, இனி இஃப் வருகிற இடமெல்லாம் பிள்ளைகள் வேர் நட்டுக்கொண்டே போகட்டும். நடக்காத ஒன்றைக் கற்பனை பண்ணிச் சொல்லும்போது ஐ-க்கும் வேர் போடுவார்கள் என்று ஒரு வரி சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? பேச்சில் வெள்ளைக்காரனே பல நேரம் வாஸ் என்கிறான். அவன் நோட்டை யார் கிழிப்பது?

அப்புறம் இஃப் வாக்கியங்களை மூன்று வகையாகப் பிரிக்கிற அந்த அட்டவணை. முதல் வகைக்கு நிகழ்காலம், வில். இரண்டாவதுக்கு இறந்தகாலம், வுட். மூன்றாவதுக்கு ஹேட், வுட் ஹேவ். மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறாள், ஒரு வாக்கியம் சொந்தமாகச் சொல்லத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மழை பெய்தால் குடை எடுப்பேன், லாட்டரி விழுந்தால் பங்களா கட்டுவேன். நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ஆல்'தான். ஆங்கிலத்தில் குடைக்கு வில், பங்களாவுக்கு வுட். அதிலும் லாட்டரியை 2003லேயே தமிழ்நாட்டில் தடை பண்ணியாச்சு, அதனால் பங்களா சுத்தமான கற்பனை! பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஆனால் எல்லாரும் பூச்சாண்டி காட்டுவது மூன்றாவது வகையை. அது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. பக்கத்துத் தர்மபுரி அதியமான் நெல்லிக்கனியைத் தானே தின்றிருந்தால் ஔவைக்குக் கிடைத்திருக்காது. தின்றிருந்தால் என்பதற்கு ஹேட், கிடைத்திருக்காது என்பதற்கு வுட் நாட் ஹேவ். முடிந்தது. இதை எனக்கும் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காவேரிப்பட்டணத்திலிருந்து அப்பா போன். தோப்பில் பெங்களூரா மாங்காய் பழுத்து உதிர்கிறதாம். "மாங்கூழ் ஆலைக்காரன் கட்டுப்படியாகிற விலை கொடுத்தா நாளைக்கே பறிச்சிடுவேம்மா."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "தாத்தா, அது ரெண்டாவது வகை."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. போன வருஷம் ஆலை வாசலில் ராத்திரி முழுக்க டெம்போ நின்றதே, அந்த வெயிட்டிங் காசையும் அவர் தலையில்தான் கட்டினார்கள். அதைப் பற்றி எவனாவது வாயைத் திறக்கிறானா?