புல் நிற்கிற நிலமெல்லாம் தரிசு அல்ல

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுவதும் பார்த்துவிட்டேன். சுற்றுலா போன ஒருவர் ஜப்பானின் ககெகாவா ஊர் மலைச்சரிவில் நின்றுகொண்டு, தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஆளுயரம் நிற்கும் புல்லைக் காட்டி, "இவ்வளவு நிலத்தைத் தரிசாகப் போட்டிருக்கிறார்களே" என்று சிரிக்கிறார். அதற்கு அத்தனை பேர் கைதட்டியிருக்கிறீர்கள்.

அது தரிசு அல்ல. தேயிலைக்காகவே வளர்க்கும் புல்வெளி. சாகுசாபா என்பார்கள். நம் ஊர் நாணலைப் போன்ற சுசுகிப் புல்லையும் குட்டை மூங்கிலையும் குளிர்காலத்தில் வெட்டி, காயவைத்து, நறுக்கி, தேயிலை வரிசைகளுக்கு நடுவே பரப்புகிறார்கள். களை அடங்கும், ஈரம் நிற்கும், சரிவில் மண் கரையாது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது ககெகாவா இருக்கும் ஷிசுவோகா மாகாணத்தின் இந்த முறையைத்தான். அவர் சிரித்தது அந்தப் புல்லைப் பார்த்துத்தான்.

நான் அதே மாகாணத்து ஹமாமட்சு நகரில் வேலை பார்ப்பவன். ஒரு குளிர்காலத்தில் தெரிந்த குடும்பம் ஒன்றுக்குப் புல் வெட்ட உதவப் போனேன். சரிவில் கால் நிற்காது. சுசுகியின் ஓரம் நூல் கையுறையைத் தாண்டி விரலைக் கீறும். வெட்டிய புல்லைக் கட்டி, கூம்புபோல் நிமிர்த்தி, காற்றில் காயவிட வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய அந்த வீட்டு அம்மா, செடிகளுக்கு அடியில் கிடந்த பழைய புல்லை விலக்கி, "கையை விட்டுப் பாருங்கள்" என்றார். மேலே போன வருடத்துப் புல், அதற்குக் கீழே கறுத்து நொறுங்கியது, அதற்கும் கீழே மண். எங்கே புல் முடிந்து எங்கே மண் தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. விரல்கள் தானாக உள்ளே போயின. அந்த வீடியோவில் ஒரு முறையாவது யாராவது குனிந்து மண்ணைத் தொட்டார்களா?

"அங்கேயும் தேயிலை நட்டால் விளைச்சல் கூடுமே" என்று கேட்பீர்கள். அப்போது பரப்புவதற்குப் புல் எங்கிருந்து வரும்? அதைவிட முக்கியம், ஆண்டுக்கு ஒரு முறை வெட்டுவதால்தான் தரைவரை வெயில் இறங்கி, சின்னச் செடிகள் பிழைக்கின்றன. முந்நூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இந்தப் புல்வெளிகளில் இருக்கின்றன. நாட்டில் அரிதாகிவிட்ட ஊதாநிறக் கிக்கியோ பூ இங்கே பூக்கிறது. பறக்க இயலாத ஒரு வெட்டுக்கிளி இனத்துக்கு ககெகாவாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். புல்வெளி அழிந்தால் அதற்குப் பறந்துபோக வழியில்லை. வெட்டுவதை நிறுத்திப் பாருங்கள், சில வருடங்களில் மூங்கிலும் புதரும் மூடிவிடும். அப்போது வந்து தரிசு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

"அவர்களும் பூச்சிமருந்து அடிக்கிறார்களே, இது இயற்கை விவசாயமா?" என்று இன்னொருவர். மருந்தே கூடாது என்று இந்த முறையில் விதி இல்லை. அது வேறு பேச்சு. புல்லைப் பற்றிப் பேசும்போது புல்லைப் பற்றிப் பேசுவோம்.

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம், நீ என்ன விவசாயியா?" என்றும் கேட்டுவிட்டார்கள். இல்லை. அதனால் என்ன? அந்த அம்மா வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய மகன் நகரத்தில் வேலை பார்க்கிறார், திரும்பி வரப்போவதில்லை. இங்கே விளையும் செஞ்சாவுக்கு, அதாவது இலையாகவே ஊறவைத்துக் குடிக்கும் பச்சைத் தேயிலைக்கு, பல ஆண்டுகள் சரியான விலை கிடைக்காமல் இருந்தது. சமநிலத்தில் பெரிய இயந்திரம் ஓட்டும் ககோஷிமா மாகாணம், 2024-இல் தேயிலை உற்பத்தியில் ஷிசுவோகாவை முந்திவிட்டது. இயந்திரம் ஏறாத சரிவில், இந்த வயதிலும் குளிரில் புல் வெட்டுகிறவரின் நிலத்தைத்தான் ஒருவர் உலகத்துக்கே தரிசு என்று காட்டிவிட்டுப் போகிறார். போகும்போது பச்சைத் தேயிலைத் தூளான மாச்சாவும் வாங்கிப் போயிருக்கிறார், அதுவும் அந்த வீடியோவிலேயே இருக்கிறது.

நீங்களும் அப்படித்தான். நான் ஊருக்கு வருகிறேன் என்றாலே மாச்சா, மாச்சா, மாச்சா. அதை யார், எந்த மண்ணில் விளைவித்தார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. சாகுசாபா தேயிலைப் பொட்டலத்தில் இலை முத்திரை ஒன்று இருக்கும். தேயிலைத் தோட்டத்தின் பரப்பில் பாதி அளவுக்கு மேல் தனியாகப் புல்வெளி வைத்திருப்பவருக்கு மூன்று இலை. இந்த முறை மாச்சா கேட்டு எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள். மூன்று இலை போட்ட செஞ்சா வேண்டும் என்றால் சொல்லுங்கள், எத்தனை பொட்டலம் என்றாலும் சுமந்து வருகிறேன்.