"கூட யாரு வந்திருக்கா?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாவை அதுவரை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் குரல் வந்துவிட்டது: "கூட யாரு வந்திருக்கா?" நான்தான், மகள் என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து பதினாறு நாள் அந்த வார்டில் எனக்குச் சம்பளமில்லாத வேலை. வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியும் ஆத்திரம் அடங்காததால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. குளிக்கப்போன இடத்தில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. 108-ல் ஏற்றி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே எங்களுக்கு நல்லது செய்தவர்களும் இருக்கிறார்கள். தனியாரில் ஒன்றே முக்கால் லட்சம் கேட்ட ஆபரேஷனை முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பைசா வாங்காமல் செய்தார்கள். சுத்தமாகச் செய்தார்கள். நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மா வலியில் கத்தியபோது, கண்ணெல்லாம் சிவந்துபோய் ஓடிவந்த பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும்) டாக்டர் பிள்ளையை நான் மறக்க மாட்டேன். அதனால் "ஜி.எச்.னாலே அப்படித்தான், காசிருந்தா வெளிய போ" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு அதிகமாக எரிச்சல் வருவதே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். அது நம் ஆஸ்பத்திரி.

மறுநாள் காலையில் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து "எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். காலில் வெயிட் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மனுஷியை நான் எப்படிக் கூட்டிப்போவது? டிராலியை நாமே தேடிப்பிடிக்க வேண்டுமாம். கிடைத்ததில் ஒரு சக்கரம் சுற்றவில்லை. தம்பி முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, சரிவுப்பாதை முடிந்து தரை தொடங்கும் இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு பெயர்ந்த சிமெண்ட் விளிம்பு. சக்கரம் அதில் இடித்த வேகத்தில் அம்மா போட்ட சத்தம் இருக்கிறதே... முறிந்த எலும்பு உள்ளே உரசுகிற சத்தம் அது. முறிந்த காலை எப்படிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் பனியன் கம்பெனி டைலர். பீஸ் ரேட்டில் வேலை. போகாத நாளுக்குக் காசு கிடையாது.

இரண்டாம் முறை நூறு ரூபாய் கொடுத்தோம், ஒரு அண்ணன் தள்ளிக்கொண்டு வந்தார். வாங்கியது தப்புதான். ஆனால் அவரும் காண்டிராக்ட் ஆள். அந்தத் தளம் முழுக்க அன்றைக்கு அவரையும் சேர்த்து இரண்டே பேர். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

ரத்தம் எடுத்த டியூபை லேபுக்குக் கொண்டுபோவது நான். ரிப்போர்ட் வாங்கிவருவது நான். பெட்பேன் வைப்பது, யூரின் பையைக் காலிசெய்வது எல்லாம் நான். சரி, பெற்ற தாய்க்குத்தானே என்று செய்தேன். ஆறாம் நாள் ஒரு சிஸ்டர் அம்மாவைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் எரிந்து விழுந்தார்: "என்னம்மா, திருப்பியே போடலையா நீங்க?" இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கன்றிப்போய், நடுவில் உரிந்து, போர்வையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. படுக்கைப்புண். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது திருப்ப வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதையும் சொன்னது எதிர்க்கட்டில் நோயாளிக்கு என்னைப் போலவே துணையிருந்த அட்டெண்டர் அக்கா. வேலையை என் தலையில் கட்டியவர்கள், வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டாமா?

அந்த சிஸ்டர் மேலும் எனக்குக் கோபமில்லை. போதனா மருத்துவமனையின், அதாவது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின், பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எங்கள் வார்டில் ராத்திரி நாற்பது கட்டிலுக்கு அவர் ஒருவர்தான். ஊசி போட்டு, டிரிப் மாற்றி, நோட்டில் எழுதி முடிப்பதற்குள் விடிந்துவிடும். மீதியை யார் செய்வது? அதற்குத்தான் அந்த முதல் கேள்வி. நர்ஸ் வேலையையும் ஆயா வேலையையும் வார்டு பாய் வேலையையும் நாற்பது குடும்பங்கள் இனாமாகச் செய்துகொண்டிருக்கின்றன. அப்படிச் செய்கிறவர்களுக்குப் படுக்க ஒரு பெஞ்சு கிடையாது. கட்டிலுக்கடியில் பாய் விரித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்தேன். விடிகாலை ஐந்துக்குத் தரை துடைக்கும் தண்ணீர் முதுகில் வந்து தொடும்.

இதைவிடக் கொடுமை ரவுண்ட்ஸ் நேரம். பெரிய டாக்டர் வருகிறார் என்றதும் "அட்டெண்டர்லாம் வெளிய போங்க" என்று விரட்டுவார்கள். ராத்திரி எத்தனை தடவை வாந்தி, எவ்வளவு சிறுநீர், எங்கே வலி என்று தெரிந்த ஒரே ஆள் நான். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பாதி மயக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் கேட்டால் என்ன சொல்வாள்? எல்லாவற்றுக்கும் "பரவால்ல சார்" என்பாள். உள்ளே போய் "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றால் "கேஸ் ஷீட்ல எழுதியிருக்கு" என்று பதில்.

டிஸ்சார்ஜ் அன்று இரண்டு நிமிஷம் பேசினார்கள். வாக்கர் வைத்து நடக்க வையுங்கள், சம்மணம் போடக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது. எங்கள் வீட்டில் இருப்பது தரையோடு பதித்த கக்கூஸ். வீட்டில் எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு தாள், ஒரு மாத்திரைப் பை, அவ்வளவுதான். பயத்தில் அம்மா கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. ஐந்து வாரம் கழித்து வேறு வேலையாகத் தெருவுக்கு வந்த நர்ஸம்மா பார்த்துவிட்டு, "மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோ குடுப்பாங்களே, ஏன் சொல்லல?" என்றார். 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிற திட்டம். அதே சுகாதாரத் துறை, அதே அரசாங்கம். ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போயிருந்தால், அந்த ஐந்து வாரத்தில் அம்மாவின் முட்டி இப்படி இறுகிப்போயிருக்காது. குதிகாலை மெத்தையில் இழுத்து இழுத்து மடக்கப் பழகியது அதற்குப் பிறகுதான். இப்போது வாசல்வரை நடக்கிறாள்.

எங்களுக்காவது நான் இருந்தேன். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு யாருமே இல்லை. கொண்டுவந்து சேர்த்தவர்கள் அன்றோடு போய்விட்டார்கள். நாங்கள் நாலைந்து அட்டெண்டர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். அந்தப் பாட்டி டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பித் தருவாள். ஏன் பாட்டி என்று கேட்டதற்கு, "குடிச்சா ஒண்ணுக்கு வரும் தாயி. எத்தனை தடவ உங்களை எழுப்புறது?" என்றாள். நாக்கு வறண்டு பிளந்துபோய் இருந்தது. கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் 'நோ அட்டெண்டர்' என்று எழுதியிருந்தார்கள். தெரிந்துதான் எழுதினார்கள். எழுதியதற்கு மேல், அந்தப் பாட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஓர் ஆளைப் போடவில்லை.